மாமா சாகாத படம்

என் அக்கா வீட்டுக்காரரைப் போல் அடங்கிய மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாலையில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை நிற்பார். வரிசையில் யாராவது இடையில் புகுந்தால், இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்டவருக்குத் தொழில், சினிமாவில் கொள்ளைக்காரனாக இருப்பது.

கொள்ளைக்காரன் என்றால் தலைவன் இல்லை, தலைவனுக்குப் பின்னால் ஓடும் கும்பலில் ஒருவர். தலைவனுக்குக் காதலி உண்டு, ஒரு நியாயம் உண்டு, சாகும்போது பேச நீளமான வசனம் உண்டு. கும்பலுக்கு ஒட்டுத் தாடியும் சட்டைக்குள் கட்டிய சிவப்புச் சாயப் பொட்டலமும்தான். பொட்டலம் வெடித்தால் விழ வேண்டும். முதலில் வெடிப்பது எப்போதும் மாமாவுடையது என்பதால், படப்பிடிப்பில் அவருக்கு ‘முதல் குண்டு’ என்று பெயர். அழகாக விழுவார். முதலில் முழங்கால், பிறகு தோள், கடைசியில் வானத்தைப் பார்த்த முகம்.

“செத்துக் கிடக்கும்போதுதான் மச்சான் மேகத்தை நிம்மதியா பார்க்க முடியுது. எந்திரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க” என்பார். ஒரு முறை எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அப்படியே செத்துக் கிடந்தாராம். மேகம் ஒன்று பாதி கலைந்துகொண்டிருந்ததாம், முழுதும் கலையட்டும் என்று காத்திருந்தாராம்.

எனக்கு இந்தப் படங்கள் மேல் ஆத்திரம் உண்டு. அதிகாரத்தை எதிர்த்தவன் படம் முடிவதற்குள் செத்தாக வேண்டும், இல்லையென்றால் திருந்தியாக வேண்டும். அவன் குதிரையில் வரும்போதெல்லாம் கை தட்டுவோம். விளக்குப் போடுவதற்குள் அவனைப் புதைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போவோம். மாமாவிடம் இதைச் சொன்னால், “சட்டம்னா சட்டம்தானே” என்று முடித்துவிடுவார்.

அக்காதான் அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக அவர் நடித்த படத்துக்குப் போனாள். திரையில் அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும், பக்கத்து இருக்கையில் அவரே உட்கார்ந்திருப்பதை மறந்து, “ஐயோ, என் வீட்டுக்காரர்!” என்று கத்திவிட்டாள். தியேட்டரே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

“நீங்க கடைசி வரைக்கும் உயிரோட இருக்கிற படம் வரட்டும், அப்ப வர்றேன்” என்று மட்டும் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, “இன்னைக்குமா?” என்பாள். அவர் குற்றம் செய்தவர் போலத் தலையாட்டுவார். பாவம், இருவருக்குமே அது வலித்தது.

அவர் தலை பாதி நரைத்த பிறகுதான் அப்படி ஒரு படம் அமைந்தது. ஆள் குறைந்ததால் அவருக்குப் போலீஸ் உடுப்பு கொடுத்தார்கள். அந்தப் படத்தில் போலீஸ்காரர் ஒருவர்கூடச் சாகவில்லை. மாமா மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து சொன்னார். அக்கா உடனே பீரோவைத் திறந்து, தியேட்டருக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது என்று பார்க்கத் தொடங்கினாள்.

படப்பிடிப்பு நாளில் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். மலையடிவாரத்தில் குடிசைகள் போட்டிருந்தார்கள். தீ வைத்ததும் கொள்ளைக்காரர்கள் மலையைப் பார்த்து ஓட வேண்டும், போலீஸ் வரிசையாக நின்று சுட வேண்டும். குடிசை எரிவது ஒரே தடவைதான், திரும்ப எடுக்க வழியில்லை. விடிகாலைப் பனியும் புகையும் ஒன்றாகிக் கிடந்தன. ஆட்கள் இடுப்புவரை கரைந்துபோய் மிதந்தார்கள். எனக்கே அது நிஜமா, தூக்கத்தில் காண்கிறேனா என்று புரியவில்லை.

“ஆக்‌ஷன்!”

அவ்வளவுதான், மாமாவின் கால்கள் அவரைக் கேட்கவில்லை. இத்தனை வருடம் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓடிய கால்கள். தொப்பி கீழே விழ, உடுப்போடு, கொள்ளைக்காரர்களுக்கு நடுவில் புகுந்து மலையை நோக்கி ஓடினார். இடது தோள் கொஞ்சம் உயர்ந்த, அவருக்கே உரிய ஓட்டம். கூட ஓடியவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். இவர் மார்பு வெடிப்பதற்காகக் காத்துக்கொண்டே ஓடினார். போலீஸ்காரருக்கு ஏது பொட்டலம்? வெடிக்கவில்லை, அதனால் விழவும் இல்லை. புகை அவரை மூடிக்கொண்டது.

“யாருய்யா அந்தப் போலீஸ்? உடுப்பைக் கழட்டி அனுப்புங்கய்யா!” என்று இயக்குநர் கத்தினார். குடிசைகள் சாம்பலாகியிருந்தன.

திரும்பி வரும்போது மாமா அழுகிற நிலையில் இருந்தார். “படத்துலேர்ந்து என்னை வெட்டி எறிஞ்சிடுவாங்க மச்சான். இல்லேன்னா எங்கேயாவது சுட்டுப் போட்ட மாதிரி காட்டிடுவாங்க. உங்க அக்காகிட்ட எந்த முகத்தை வச்சிக்கிட்டு சொல்வேன்?”

சொல்லவில்லை. படம் வந்தது. அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மாமா திரையைப் பார்க்காமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடிசைகள் எரிந்தன. அந்தக் காட்சியை வெட்ட அவர்களுக்கு வழியிருக்கவில்லை. புகைக்குள் சிறிதாக ஓர் உருவம், இடது தோள் உயர ஓடியது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அக்காவின் கை என் கையை இறுக்கியது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. தலைவன் நீளமாகப் பேசிவிட்டுச் செத்தான். பிறகு பிணங்களை வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொரு முகமாகக் காட்டினார்கள். அக்கா ஒவ்வொன்றாகத் தேடினாள்.

கடைசி முகமும் வந்து போனது. அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

“இல்ல! அவர் அங்க இல்ல! தப்பிச்சுப் போயிட்டாரு!”

தியேட்டர் இந்த முறையும் சிரித்தது. அக்காவும் அழுதுகொண்டே சேர்ந்து சிரித்தாள். மாமா அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

வெளியே வந்து நடந்தோம். வண்டி எதுவும் இல்லாத தெருவில் மாமா வழக்கம்போல் சிவப்பு விளக்குக்கு நின்றார்.

“ஏங்க, அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?” என்று அக்கா கேட்டாள்.

மாமா வெகுநேரம் யோசித்தார். விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பானது.

“தெரியலையே. அவ்வளவு தூரம் இதுவரைக்கும் என்னை யாரும் ஓட விட்டதில்ல.”