லைட்டை அணைக்கச் சொன்ன ஊர்

சென்ற தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்பில், முதல் சுரங்கம் தோண்டிய காலத்தில் கட்டிய பழைய கலையரங்கம். காலை ஷிப்ட் முடித்தவர்களும் வரட்டும் என்று மூன்று மணிக்கு வைத்திருந்தோம்.

எங்கள் வானொலி நகைச்சுவைக் குழுவின் கடைசி நிகழ்ச்சி அது. நாங்கள் நான்கு பேர். சுரங்கத்திலும் ஆபீஸிலும் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருடம் ரேடியோவில் பேசியவர்கள். எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், வசனத்தை மனப்பாடம் செய்யவே மாட்டோம். தாளைப் பார்த்துப் படித்தே பெயர் வாங்கியாயிற்றே! அன்றும் கையில் தாளோடுதான் மேடை ஏறினோம்.

ஆரம்பமே சொதப்பல். ரேடியோவில் குண்டுக் கணவராகப் பேசுகிறவர் நேரில் ஒல்லிக்குச்சி. வாயாடி மனைவியான நான் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். கூட்டம் எங்களை வேடிக்கை பார்த்ததே தவிர, சிரிக்கவில்லை. இருபது வருட உழைப்பு இப்படியா முடிய வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியாக, எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழைய நாடகம். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதல்லவா? நைட் ஷிப்ட் முடித்த ஒருவர் தூக்கக் கலக்கத்தில் பக்கத்து பிளாக் வீட்டுக்குள் நுழைந்து காபி கேட்பார். தொடங்கிய உடனே அரங்கத்தின் பழைய ஃபியூஸ் பட்டென்று போய்விட்டது. நாட்டுக்கே கரண்ட் அனுப்புகிற ஊரில்! கதவெல்லாம் சாத்தியிருந்ததால் கும்மிருட்டு. மைக்கும் இல்லை, தாளும் தெரியவில்லை.

"யாருங்க நீங்க?" என்றேன். நினைவிலிருந்த ஒரே வரி அதுதான்.

"நைட் ஷிப்ட் முடிச்சி வந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? மொதல்ல காபிய குடு!" என்றார் ஷிப்ட்காரராகப் பேசியவர்.

மைக்கை நம்பிக் கட்டிய அரங்கம் இல்லை அது. அவர் குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. முதல் சிரிப்பு வெடித்தது. அடுத்து என் முறை. வசனம் சுத்தமாக மறந்துவிட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "குடுக்குறேங்க. ஆனா எங்க வூட்டுக்காரரு உள்ள தூங்கிக்கினு இருக்காரே!"

அரங்கமே அதிர்ந்தது. அப்புறம் நாங்கள் தடுமாறிய இடத்திலெல்லாம் யாராவது எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் நாடகங்களை அடுப்படியில் வேலையோடு வேலையாக, அரைக்காதோடு கேட்டிருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் எலக்ட்ரீஷியன் ஃபியூஸைப் போட்டுவிட்டார். விளக்கு எரிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரே கூச்சல்.

"லைட்ட அணைங்க! ரேடியோ கேட்டுக்கினு இருக்கோம்ங்க!"

அணைத்தார்கள். மீதியை இருட்டிலேயே பேசி முடித்தோம். ஊர் ஊராக வெளிச்சம் அனுப்பும் எங்கள் ஊர், எங்கள் குரலுக்காகத் தானே கேட்டு வாங்கிய இருட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.