சோப்பு விளம்பரத்துக்குப் பக்கத்தில்

நாவலூரில் நான் நடத்தும் காபிக் கடைச் சுவரில், வெள்ளைக்காரர் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைப் பக்கம் ஒன்றைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறேன். அதிலிருந்த சோப்பு விளம்பரத்தின் அழகுக்காகத்தான். டெலிவரிக்குப் பார்சல் எடுக்க வரும் நரைமீசைக்காரர் ஒருவர், ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதை முணுமுணுத்துப் படிப்பார்.

ஒருநாள் சிரித்தார். "சார், சோப்புக்குப் பக்கத்துல சர்க்கார் நோட்டீஸ் பாத்தீங்களா? குடிசைங்கள காலி பண்ண சொல்லிக்கீறான். எங்க வூட்லயும் இப்டிதான் ஒட்னாங்க. அப்பால சிட்டிக்கு வெளிய பெரும்பாக்கத்துல தூக்கிப் போட்டாங்க."

"அது சும்மா அழகுக்குண்ணா," என்றேன்.

வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, நோட்டீசை மறைத்து உயரமான செடித்தொட்டி ஒன்றை வைத்தேன். மறுநாள் வந்தவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பார்சல் தயாராகும்வரை வெளியே போய் வெயிலில் நின்றார்.

செடியை எடுத்துவிட்டேன். "உள்ள வாங்கண்ணா" என்று கூப்பிட்டாலும், "பரவால்ல சார்" என்று இன்னும் வெளியிலேயே நிற்கிறார்.