வெள்ளிக்கிழமை விளக்கு எரியும் வீடு

வெள்ளிக்கிழமை காலை 6.40க்கு விழுப்புரத்தில் ரயில் ஏறினோம்: நான், என் கணவர், பத்து மாதக் குழந்தை கமலி. சென்னையில் படிக்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தவன், எட்டுப் படம் எடுக்கும் சுருள் ஒன்றைப் போட்டுத் தன் பெட்டிக் காமிராவை என்னிடம் கொடுத்திருந்தான். திங்கட்கிழமை திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவான். புதுச்சேரியில் பூட்டிக் கிடக்கும் பழைய மாளிகைகளில் பேய் உலாவுவதாகப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கேட்டிருக்கிறேன். அவற்றைப் படம் பிடிக்க எனக்கு ஆசை. ஐப்பசி பிறந்துவிட்டது, மழை பிடித்துக்கொண்டால் அப்புறம் வெயிலே கிடைக்காது.

என் மாமியார் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கமலியின் அரைஞாண் கயிற்றில் பழைய இரும்புச் சாவி ஒன்றைக் கட்டிவிட்டு, "பேய் வூட்டு வாசப்படிய கொழந்த தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்" என்றார்.

"தாண்ட மாட்டா அத்தை" என்று வாக்குக் கொடுத்தேன்.

போன வாரம்தான் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டிலேயே விட்டு வந்திருக்கலாமோ என்று கண்டமங்கலம் வரை யோசித்தேன். பால்குடி மறக்காதவளை எப்படி விட்டு வருவது என்று வில்லியனூர் வரை யோசித்தேன். அதற்குள் இருபத்துநான்கு மைலும் முடிந்துவிட்டது. டிக்கெட் ஆளுக்கு எழுபது நயா பைசா.

8.20. ரயிலடியில் ஒரு ரிக்‌ஷாவை மதியம் வரை ஒன்றரை ரூபாய்க்குப் பேசினோம். எங்கே போக வேண்டும் என்று கேட்டுக்கொண்ட ரிக்‌ஷாக்காரர், கமலியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேயப் பாக்கக் கைக்கொழந்தையோட வந்த மொத குடும்பம் நீங்கதாம்மா. இது போடற கூச்சல்ல பேய்தான் ஓடப்போவுது."

பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் வேறு ஊருக்கு வந்துவிட்டது போலிருந்தது. நூல் பிடித்தாற்போல் நேரான வீதிகள், மஞ்சள் பூசிய உயரமான மதில்கள். கப்ஸ் கோயில் என்கிற மாதா கோயிலுக்குப் பக்கத்தில் நாங்கள் பார்த்த முதல் வீட்டின் மாடிக் கம்பிகள், கோலம் போட்டதுபோல் வளைந்து வளைந்து இருந்தன. இன்னொரு வீட்டின் கைப்பிடிச் சுவரில் ஆலங்கன்று வேர்விட்டுத் தூணைச் சுற்றி இறங்கியிருந்தது. யானை நுழையும் வாசல், அதில் என் கை நீளத்துக்கு ஒரு பூட்டு! பயப்படத்தான் வந்தேன், ஆனால் இத்தனை அழகை யார் இப்படிப் பூட்டிவிட்டுப் போனார்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது. நான் படம் எடுக்கும்போதெல்லாம் இவர் குழந்தையோடு எதிர்ச்சாரியில் நின்றார். வாசற்படிப் பக்கமே வரவில்லை.

11.30. ஏழு படங்கள் முடிந்திருந்தன. கடைசி வீடு எந்த வீதி என்பதை நான் எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் தெரியும்.

"இதான் பெரிய பேய்" என்றார் ரிக்‌ஷாக்காரர். "வூட்டுக்காரங்க கடல் தாண்டி சைகோன்ல. வெளிய பூட்டு தொங்குது பாருங்க. வெள்ளிக்கெழமையானா உள்ள வெளக்கு எரியும்."

அப்போதுதான் மழை பிடித்தது. தூறலே இல்லை, எடுத்தவுடன் கொட்டியது. ரிக்‌ஷாவின் மூடி ஒழுகியது. குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டேன், முந்தானையும் நனைந்தது. மதிலின் ஓரத்துச் சிறிய கதவு திறந்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, கொழந்தைய வச்சிக்கினு நனையறியே. உள்ள வா!"

நான் அசையவில்லை. கமலி தும்மினாள்.

"மழையில நனைஞ்சா காய்ச்சல் வரும், அது எனக்குத் தெரியும்" என்றார் இவர். "பேயால என்ன வரும்னு எனக்குத் தெரியாது. நீயே சொல்லு."

கமலியின் இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு படியைத் தாண்டினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. நெல்லித்தோப்பிலிருந்து வருகிறாள், கணவர் மில்லில் வேலை செய்கிறார். வீட்டுக்காரர்கள் கப்பல் ஏறும்போது, வாரம் தவறாமல் கூட்டி விளக்கேற்றச் சொல்லிச் சின்னக் கதவின் சாவியைக் கொடுத்தார்களாம்.

"அப்ப ஊரெல்லாம் பேய்னு சொல்லுதே?" என்றேன்.

"சொல்லட்டுமே! பேய்னாதான் ஒருத்தனும் கதவு ஜன்னல பேத்துக்கினு போவ மாட்டான். ராத்திரி காவலுக்கு ஆள் போட்டா எம்மாஞ் செலவு? நான் பேயாவே இருந்துட்டுப் போறேன்."

கூடத்தின் விட்டங்கள் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஓடின. தரை மழை நாளிலும் வழவழவென்று இருந்தது. ஆள் இல்லாத வீட்டில் ஒரு ஒட்டடைகூட இல்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கமலி வீறிட்டாள். பால் கொடுத்துப் பார்த்தேன், குடித்துவிட்டும் அழுதாள். வாக்குத் தவறியது இவ்வளவு சீக்கிரம் பலிக்கிறதே என்று நினைத்தேன்.

"ஈரச் சட்டையோட இருந்தா அழாம என்ன செய்யும்?" என்று அஞ்சலை குழந்தையை வாங்கிக்கொண்டாள். சட்டையைக் கழற்றித் துடைத்துவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் அவளைக் கிடத்தி ஆட்டினாள். சற்று நேரத்தில் கமலி வாய் திறந்தபடி தூங்கிப்போனாள்.

மழை விட்டதும் கடைசிப் படத்தை எடுக்க ஆசைப்பட்டேன். இருட்டாக இருந்தது. அஞ்சலை கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரே ஒரு ஜன்னலைத் திறந்தாள்; தூங்கும் கமலியை மறுபடி காலின் மேல் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தாள். காமிராவைத் தரையில் வைத்து, ஐந்து எண்ணும் வரை விசையை அழுத்திப் பிடித்திருந்தேன். இருவருமே அசையவில்லை. பேய்க் கதை கெட்டுவிடக் கூடாதென்று அஞ்சலை உடனே ஜன்னலைச் சாத்திவிட்டாள். அதனால்தான் வீதியின் பெயரை இங்கே எழுதவில்லை.

மாலை 3.30 ரயிலில் திரும்பினோம். வழியெல்லாம் கமலியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை.

படங்கள் வந்ததும் முதல் ஏழு படங்களை மட்டும் மாமியாரிடம் காட்டினேன். எட்டாவது படம் இரண்டு நாள் என் புடவைக்கு அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டு விளக்கை ஏற்றும்போது அந்தக் கூடத்தில் ஏற்றப்படும் விளக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் கூரை கைக்கு எட்டும்; அங்கே அந்த உயரத்தில் அவள் மட்டும் தனியாக நிற்பாள். மனம் கேட்கவில்லை. படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னேன்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உங்கிட்டகூட இப்பிடித் தூங்கறதில்லயே இவ."

"ஆமா அத்தை."

"வரும்போது அந்தப் பொண்ணு கையில என்ன குடுத்துட்டு வந்த?"

"ஒண்ணும் குடுக்கல அத்தை. தோணவே இல்ல."

"படி தாண்டினியே, அது ஒண்ணும் தப்பில்ல" என்றார் அவர். "அவ கைய வெறுங்கையா விட்டுட்டு வந்தியே, அதான் தப்பு."