அண்ணா எங்களுக்காகப் பேசி வைத்தவை

எங்கள் அண்ணா கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கண்ணை மூடினார். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா எங்கள் சிறுவயதில் வெள்ளெனவே காலமாகிவிட, படிப்பை விட்டுவிட்டுத் தங்கைகள் எங்கள் மூவரையும் கரைசேர்த்தவர் அவர். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கோபம் வந்தால் மட்டும் வீடே அதிரும்.

முன்னறையில் அவர் நடத்திய ஒலிப்பதிவு வேலை உங்களில் பலருக்குத் தெரியும். பிரசங்கம், செபமாலை, பிள்ளைகளின் பாடங்கள் என்று ஒலிக்கோப்புகள் வந்து குவியும். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த அவருக்குப் பொறுமை கிடையாது. கறுப்புத் திரையில் சில வரிகள் எழுதி வைத்திருந்தார். ஷெல் ஸ்கிரிப்ட் என்பார். அதை ஓடவிட்டால் கணினி அத்தனை கோப்புகளையும் தானாகவே எடுத்து, மின்விசிறி இரைச்சலை நீக்கி, பேச்சில்லாத இடங்களை வெட்டி, கடைசியில் மூலக் கோப்புகளையும் அழித்துவிடும். டிஸ்க்கில் இடம் போதாது என்று அப்படி எழுதியிருந்தார்.

"நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்க முன்னம் அது வேலைய முடிச்சிடும், பார்" என்பார்.

"சோம்பேறிக்கு ஏத்த மெஷின்தான்" என்பேன். சிரிப்பார்.

பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்தபோது அவருடைய குரல் வெறும் காற்றாகியிருந்தது. வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் விளங்கும். ஆனாலும் பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணிக்கும் மகளுக்கும் சொல்ல வேண்டியதையெல்லாம் மைக்கில் பேசிப் பதிந்தார்.

"நான் போன பிறகு கேளுங்கோ. இப்ப கேட்டா அழுவீங்கள்" என்றார்.

கடைசிக் கிழமை, கட்டிலில் இருந்தபடியே, எல்லாவற்றையும் துப்புரவாக்கி வைக்க நினைத்து அந்த ஸ்கிரிப்டை ஓடவிட்டார். பிறகு கேட்டுப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அடக்கம் முடிந்து, அண்ணியும் மகளும் நானும் கூடியிருந்து கோப்புகளைத் திறந்தோம். ஒன்றில் முச்சக்கரவண்டி ஹார்ன். ஒன்றில் குக்கர் விசில். அண்ணாவின் பேச்சு எதிலும் இல்லை. நல்ல தொண்டைக்காரருக்கென்று எழுதிய ஸ்கிரிப்ட் அது. ஓர் அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தையெல்லாம் வெறுமை என்று எடுத்து வெட்டும். அந்த அளவைக் குறைக்க அண்ணாவுக்குத் தோன்றவில்லை. தன் குரல் அவ்வளவுக்கு இறங்கிவிட்டதென்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

வத்தளையிலிருக்கும் அவருடைய நண்பர் கணினியைக் கொண்டுபோய், அழிந்ததை மீட்கப் பார்த்தார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒண்டும் மிஞ்சேல்ல. டிஸ்க்கில அந்த இடத்தில வேற ஏதோ எழுதுப்பட்டிட்டுது."

பழைய குரல் கலியாண வீடியோக்களில் கிடக்கிறது. அது எங்களுக்கு என்னத்துக்கு? மகளுக்கு அவர் என்ன சொன்னார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆண்டவர் மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. இந்த நினைவு மலரில் அதை எழுத வேண்டாம் என்றார்கள்; எழுதுகிறேன்.

அந்த நண்பருக்கும், வைத்தியர்கள், தாதியருக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், இறுதித் திருப்பலியில் பாடியவர்களுக்கும், பெட்டியைத் தூக்கிய மருமக்களுக்கும் குடும்பமாகக் கைகூப்புகிறோம்.

அந்தக் கோப்புகளில் அண்ணாவுடையதாக மிஞ்சியிருப்பது இருமல் ஒன்றுதான். அதற்கு மட்டும் சத்தம் போதுமாயிருந்திருக்கிறது. அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்.

"ஏன் அண்ணி இதைக் கேக்கிறீங்கள்?" என்றேன்.

"கேட்டவுடன இப்பவும் அவருக்குத் தண்ணி எடுக்க எழும்பிறன், மச்சாள்" என்றார்.