சுவரில் நின்ற உடம்பு

பாலக்கோட்டில் பெண்கள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் ரோசம்மாள் பி.டி. டீச்சராக இருந்தாள். படிக்கிற காலத்தில் குண்டு எறிதலில் பெயர் வாங்கியவள். அகலமான தோள், உருண்டு திரண்ட கை. அவளுக்கு ரவிக்கை தைக்கும் டைலர் எப்போதும் இரண்டு முறை அளவெடுப்பார். முதல் அளவை அவராலேயே நம்ப முடியாது. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டி வந்தவள்தான். இருபத்தேழு வயதாகியும் கல்யாணம் தள்ளிக்கொண்டே போன பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது.

அவளுடைய அண்ணன் சவுரியப்பன் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன். 1988ஆம் வருடம், தக்காளி மண்டிக்காரர் ஒருவரின் மகன் மாதப்பன், பெங்களூரிலிருந்து இரண்டு வீடியோ கேம் பெட்டிகளைக் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டான். பாலக்கோட்டுக்கு அது புதுசு. கடையின் வெளிச்சுவர் முழுக்கச் சண்டைக்காரர்களின் படம் வேண்டும், நடுவில் ஒரு பெண்ணும் சண்டைக்கு நிற்க வேண்டும் என்று சவுரியப்பனிடம் சொன்னான்.

ஆண்களை வரைவதில் சவுரியப்பனுக்குச் சிரமமில்லை. பெண்தான் வரவில்லை. அட்டை அட்டையாக வரைந்து கிழித்தான்.

"அழற பொம்பளைய வரையலாம், அடி வாங்கற பொம்பளைய வரையலாம். அடிக்கப் போறவ எப்படி நிப்பான்னு தெரியலயே பாப்பா. நீ கொஞ்சம் நின்னு காட்டேன்" என்றான் தங்கையிடம்.

வீட்டின் பின்பக்கம் ரோசம்மாள் நின்று காட்டினாள். குண்டை எறிவதற்கு முன் நிற்கும் நிலை அது. இடது கை முன்னால் நீண்டிருக்க, உடம்பின் பாரம் முழுக்க வலது காலில் இருந்தது. அண்ணன் வரைந்து முடித்ததும் எட்டிப் பார்த்தாள். அட்டையில் அவளே நின்றாள். தன் உடம்பைப் பார்த்து அழகு என்று அவளுக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை.

"வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதண்ணா."

"மாதா சத்தியமா சொல்லமாட்டேன்."

படம் சுவருக்குப் போனது. மாதப்பன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு திருத்தம் சொன்னான். தோள் குறைய வேண்டும், இடுப்பு இன்னும் ஒடுங்க வேண்டும், மார்பு எடுப்பாக இருக்க வேண்டும், கால் நீள வேண்டும். அவன் சொன்னதையெல்லாம் சவுரியப்பன் செய்தான். முடிந்தபோது அந்தப் பெண்ணின் இடுப்பு, பக்கத்தில் நின்ற சண்டைக்காரனின் புஜத்தைவிடச் சிறுத்துப் போயிருந்தது. தாடையும் நின்ற நிலையும் மட்டும் மாறவில்லை. அவை ரோசம்மாளுடையவை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மண்டிக்குப் பின்னால் அழுகிய தக்காளி கொட்டிக்கிடக்கும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். தெருவில் இரண்டு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தானோ என்று இருக்கும். ஒருநாள் தையல் டீச்சர் வஹிதா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "கேம் கடைச் சுவத்துல ஒரு பொண்ணு இருக்குதே, பாத்தியா? அந்த மூஞ்சிய எங்கயோ பாத்த மாதிரியே இருக்குது" என்றபோது, ரோசம்மாள் தன் டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தாள்.

அந்தச் சமயத்தில் தர்மபுரியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இழுத்தார்கள். தரகர்தான் பட்டும் படாமலும் சொன்னார்: "பொண்ணு குணமெல்லாம் புடிச்சிருக்குதாம். கொஞ்சம் ஆம்பள வாட்டமா இருக்குதேன்னு பையனோட அம்மா யோசிக்கிறாங்க. இன்னொரு வாட்டி வந்து பாப்பாங்க."

இன்னொரு வாட்டி என்ற சொல் அவள் மனத்தில் முள்ளாக நின்றது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள், பிறகு காலைச் சாப்பாட்டையும் விட்டாள். பிள்ளை பெற்ற பிறகு வயிறு இறங்குவதற்காக அம்மா கட்டியிருந்த நீளத் துணி பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துச் சேலைக்குள் வயிற்றோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். மூச்சு மேலாகவே நின்றது. ஒரு தடவை விசில் ஊதினால் கண் இருட்டியது. ஆனால் கண்ணாடியில் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கித் தெரிந்தது. அந்தக் கொஞ்சத்துக்காக மறுநாளும் கட்டினாள். தன்னை நிற்கவைத்து வரைந்த படத்தைப் பார்த்துத் தானே பொறாமைப்படுகிறோம் என்பது அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்து என்ன செய்ய?

அவள் பழக்கிய கபடி அணிப் பெண்களும் மாறிக்கொண்டிருந்தார்கள். "உனக்கு கேம் கடை இடுப்புடி" என்று ஒருத்தி இன்னொருத்தியைப் புகழ்வது அவள் காதில் விழுந்தது. பள்ளிக்குப் பின்னால் திரியும் நாய்கள் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு வந்தன. மத்தியானத்துக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் களியும் சோறும் அங்கேதான் போகின்றன என்று ஆயா சொன்னாள். கேட்க வேண்டும் என்று ரோசம்மாள் நினைத்தாள். எந்த வாயால் கேட்பது என்று தள்ளிப்போட்டாள்.

ராமக்காள் என்ற பத்தாம் வகுப்புப் பெண்தான் அந்த அணியின் உயிர். பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எதிரணியின் எல்லைக்குள் புகுந்தால் நான்கு பேர் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ஒரு சாயங்காலப் பயிற்சியில் பாடிக்கொண்டே போனவள், பாட்டு பாதியில் அறுந்து, கோட்டின் மேல் குப்புற விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

ரோசம்மாள் ஓடிப்போய் அவளைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டாள். மற்றப் பெண்களைச் சுற்றி மறைத்து நிற்கச் சொல்லி, அவளுடைய சட்டையைத் தளர்த்தினாள். விரலில் முடிச்சு தட்டுப்பட்டது. வேட்டித் துணியை நாடாவாகக் கிழித்து, தோல் கன்றும்படி வயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தாள் பெண். முடிச்சு அவிழவில்லை. ரோசம்மாள் பல்லால் கடித்து அறுத்தாள். நீண்ட மூச்சு ஒன்று பெண்ணுக்குள் போனது.

தண்ணீர் தெளித்த பிறகு ராமக்காள் கண் திறந்தாள்.

"எதுக்குடி இப்படிக் கட்டுன? செத்துப் போயிருப்பியே."

 குற்றம் சொல்வதுபோல் இல்லாமல், பெண் மெதுவாகச் சொன்னாள்: "நீங்களும் கட்டியிருக்கீங்கல்ல டீச்சர். குனியறப்ப தெரியுதுங்க. எல்லாருக்கும் தெரியும்."

சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். 

ராமக்காளை வஹிதாவோடு டாக்டரிடம் அனுப்பிவிட்டு, விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குள் போய்த் தன் வயிற்றுத் துணியை அவிழ்த்தாள். அதன் பிறகு சந்து வழியாகப் போகாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

கேம் கடைக்குள் சர்க்கரை ஆலை ஆட்களும் காலேஜ் பையன்களும் நிறைந்திருந்தார்கள். பெண் ஒருத்தி உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. மாதப்பன் எழுந்தான். "வாங்க டீச்சர். என்ன விஷயங்க?"

அவள் பதில் சொல்லாமல் பெட்டியின் திரையைப் பார்த்தாள். கட்டை விரல் உயரத்துக்கு இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் நின்ற ஒன்றைக் காட்டி, "இதுதான் அந்தப் பொண்ணா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

நான்கைந்து நிறக் கட்டங்கள், அவ்வளவுதான். முகமும் இல்லை, இடுப்பும் இல்லை. இத்தனை நாள் அவளையும் அந்தப் பிள்ளைகளையும் ஆட்டிவைத்த உடம்பு அந்தப் பெட்டிக்குள் எங்கேயும் இல்லை.

"அப்ப சுவத்துல இருக்கறது?"

"அது சும்மா, எடுப்பா இருக்கட்டும்னு நாங்க போட்டதுங்க. அதப் பாத்துட்டுத்தான் உள்ளாறயே வராங்க."

 இதைச் சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"அது நான். எங்கண்ணன் என்னைய நிக்க வெச்சுத்தான் வரைஞ்சான். என் தோளயும் இடுப்பையும் கொறைக்கச் சொன்னது நீங்க. அதப் பாத்துட்டு எங்க புள்ளைங்க சாப்புடாம கெடக்குதுங்க. இன்னிக்கு ஒருத்தி மூச்சில்லாம விழுந்துட்டா. அத எடுத்துருங்க."

 ஆலைக்காரர் ஒருவர் சுவரைப் பார்க்கப் போனவர் பாதியிலேயே திரும்பிக்கொண்டார். மாதப்பனின் முகம் கறுத்தது. டீச்சரைச் சுவரில் வரைந்தது தெரிந்தால் ஊரில் என்ன பேச்சு வரும் என்று அவனுக்கும் பயம் வந்திருக்க வேண்டும். "எனக்குத் தெரியாதுங்களே டீச்சர்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையிலேயே சவுரியப்பன் சுண்ணாம்பு வாளியோடு போய் அந்தப் பெண்ணை மட்டும் அழித்துவிட்டு வந்தான். முகத்தை அழிக்கும்போது கை வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னானாம்.

பேச்சு தர்மபுரிவரை போனது. தரகர் அதற்குப் பிறகு வரவில்லை. அம்மா ஒரு வாரம் அழுதாள். வேலை போய்விடுமோ என்று ரோசம்மாள் உறக்கம் கெட்டுக் கிடந்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இனிமே யாரு கேட்டாலும் படத்துக்கு நிக்காதீங்க" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டார். அதோடு சரி.

ராமக்காளை அவள் அப்பா பள்ளிக்கு அனுப்ப மறுத்துவிட்டார். ரோசம்மாள் பஸ் ஏறிப் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அழைத்து வந்தாள். அன்றிலிருந்து மத்தியானத்தில் அணி முழுக்க வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டது. முதல் கவளத்தை டீச்சர்தான் வாயில் வைக்க வேண்டும். சில நாள் அந்தக் கவளத்தை விழுங்குவதற்கே அவள் போராடினாள். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று விழுங்கினாள்.

கிருஷ்ணகிரியில் நடந்த போட்டியில் ராமக்காளைக் கடைசிப் பகுதியில்தான் இறக்கினாள். பழைய வேகம் அவளிடம் இல்லை. தோற்றுத்தான் திரும்பினார்கள். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் எல்லோருக்கும் தோசை வந்தது. ராமக்காள் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள். தின்று முடித்துவிட்டு எழுந்து, பின்பக்கம் தனியாகக் கை கழுவப் போனாள்.

ரோசம்மாளின் தோசை ஆறிக்கொண்டிருந்தது. தின்றதைக் கக்கிவிடுவாளோ என்று, பெண் திரும்பி வரும்வரை அவள் பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.