நவம்பரில் பார்த்த வீடு

கோடையில் எல்லா ஊரும் அழகுதான் என்பது அனிக்கின் கட்சி. அதனால் கிராமத்தில் வீடு தேடி அவரும் கணவர் ரெமியும் நவம்பரில் மட்டுமே கிளம்பினார்கள். மழை, சேறு, சாத்திய ஜன்னல்கள். இத்தனைக்கும் பிறகு பிடித்தால் அதுதான் ஊர்.

பாரிஸுக்கும் வடக்கே, எங்கள் ரூபே நகரில் அனிக் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர், ரெமி டிராம் ஓட்டியவர். குடியிருப்பு நாலாவது மாடி, கீழே ரொட்டிக்கடை. ரெமிக்கு ஒரே ஆசைதான். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கும்போதே சொந்த மண்ணில் உருளைக்கிழங்கு தோண்ட வேண்டும்.

ஆங்கிலேயர்கள் வந்து குடியேறிய தொர்தோஞ் பகுதியில் சாப்பாட்டுக்கடைப் பலகைகூட ஆங்கிலத்தில் இருந்தது. "இந்த வயசுல நான் இங்கிலீஷ் படிக்கணுமா?" என்று அனிக் காரை விட்டு இறங்கவே இல்லை. கடலோரப் பிரித்தானியில் அடித்த காற்றுக்கு ஒரே காலையில் ரெமியின் தொப்பி மூன்று முறை பறந்தது. "அடுத்து மண்டைதான். கிளம்பு" என்றார்.

பிறகு க்ரூஸ் பகுதி. சாம்பல் நிறக் கல் வீடு. பின்னால் சரிவாக இறங்கும் தோட்டம், நடுவே ஒரு வால்நட் மரம். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுக் காப்பியும் பெரிய உருண்டை ரொட்டியும் கொடுத்தார். அடுத்த ஊர் டாக்டர் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறார். டாக்டரே கிடைக்காத எங்கள் நாட்டுக் கிராமங்களில் இது லாட்டரி விழுந்த மாதிரி. ரெமி ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வீடு வாங்கும் ஒப்பந்தம் நோட்டரியிடம் கையெழுத்தானது.

கையெழுத்துக்குப் பின், மனம் மாற வாங்குபவருக்குப் பத்து நாள் உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்து நாளில்தான் அனிக்குக்கு உறைத்தது.

"அந்த ஊர்ல ரொட்டிக்கடையே இல்ல ரெமி."

"அதான் வண்டி வருதே. செவ்வாய், வெள்ளி."

"புதன்கிழமை?"

"செவ்வாய்க்கிழமை ரொட்டியைச் சுட்டுத் தின்னு."

"வாழ்நாள் பூரா சூடா வாங்கித் தின்னுட்டு, சாகப்போற காலத்துல பழைய ரொட்டியா?"

"அங்க சாகவா போறோம்? இருக்கப் போறோம்டி."

அனிக் அசையவில்லை. வேண்டாம் என்று எழுதிவிட்டார். அதைப் பதிவுத் தபாலில் சேர்த்தது ரெமிதான். "எப்படியும் கீழே போறேன், குடு" என்று வாங்கிக்கொண்டு போனார். "வழியில கிழிச்சுப் போட்டிருக்கலாம், அந்த மடையன்" என்று அனிக் அதே கட்டிடத்தில் இருக்கும் என்னிடம் இன்றைக்கும் சொல்வார்.

அடுத்த நவம்பரில் வீடு பார்க்க ஓவெர்ஞ் பகுதிக்குப் போவதாக இருந்தது. செப்டம்பரில் ரெமிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. லிஃப்ட் ஓடும் நாட்களில் கீழே இறங்குவார். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் உருளைக்கிழங்கு முளைத்திருக்கிறது.

போன நவம்பரில், தங்கை மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அனிக் க்ரூஸுக்குப் பக்கத்து நகரமான லிமோஜ் போனார். செவ்வாய்க்கிழமை அவளையே கார் ஓட்டச் சொல்லி அந்தக் கல் வீட்டு ஊருக்கும் போனார். வீடு பூட்டியிருந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு ரொட்டி வண்டி வந்து நின்றது.

"வீடு பாக்க வந்தீங்களா மேடம்?" என்றான் வண்டிக்காரன்.

"பாத்து முடிச்சாச்சுப்பா. இதுல யாரு இருக்கா?"

"பாரிஸ்காரங்க வாங்கினாங்க. ஆகஸ்ட்ல ரெண்டு வாரம் மூஞ்சி காட்டுவாங்க. எங்கிட்ட ரொட்டி வாங்குனதே இல்ல."

"தோட்டம்?"

"அதை முள்ளுச்செடிக்கு எழுதி வெச்சுட்டாங்க."

அன்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாதிரியே ஓர் உருண்டை ரொட்டி அனிக் வாங்கினார். கையில் சுட்டது.

மறுநாள் வீடு வந்து, அதில் ஒரு துண்டைச் சுட்டு வெண்ணெய் தடவி ரெமியின் இடது கைப்பக்கம் வைத்தார். ரெமி ஒரு கடி கடித்து மெதுவாக மென்றார்.

"இது நம்ம கீழ்க்கடை இல்ல."

"லிமோஜ்ல வாங்கினது."

ரெமி ரொட்டியின் மேலோட்டைத் திருப்பிப் பார்த்தார். "தோட்டம் எப்படி இருக்கு?"

அனிக் வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"உருளைக்கிழங்கு போட்டிருக்காங்க."

"எந்தப் பக்கம்?"

"வால்நட் மரத்துக்கு அந்தாண்ட."

"அங்க நிழல் விழுமே! மடப்பசங்க" என்றார் ரெமி. நெடுநேரம் அந்த நிழலைப் பற்றியே பேசினார். அனிக் இன்னொரு துண்டைச் சுட எழுந்தார்.