வல்லக்கோட்டையில் எந்தப் பூசை?

வல்லக்கோட்டைக்கு எப்படிப் போவது என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். நான் முதல்முறை அங்கே போனது எழுபதுகளின் கடைசியில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். கோயில் பார்க்கப் போகவில்லை. என் தங்கை ஜெசிக்கு வந்த வரன் எப்படி என்று விசாரிக்கப் போனேன்.

நாங்கள் பெரம்பூர்க் கத்தோலிக்கர்கள். அப்பா உபதேசியார், பங்கில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். வாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டதால் அவரால் வெளியே போக முடியாது. ஆண்பிள்ளைகள் கிடையாது. மூத்தவள் நான், பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை சேவியர் அம்பத்தூரில் ஃபிட்டர். பெற்றோர் வல்லம் வடகாலில் பயிர்த்தொழில் செய்பவர்கள். நல்ல கத்தோலிக்கக் குடும்பம் என்று பங்குச்சாமியார் கடிதம் கொடுத்திருந்தார். ஆனாலும் அப்பா, "சொல்லாமப் போ. அப்பத்தான் வீடு எப்படியோ அப்படியே தெரியும்" என்றார். போனேன்.

காலை 6.40க்குப் பாரிமுனையில் பஸ். ஸ்ரீபெரும்புதூர் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் ஒரு ரூபாய் தொண்ணூறு காசு. எட்டேகாலுக்கு இறங்கி, சிங்கப்பெருமாள்கோயில் போகும் பஸ்ஸில் ஏறினால் நிற்க இடமில்லை. மஞ்சள் துணி, பால் குடம், மொட்டையடிக்கப் போகும் குழந்தைகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வல்லத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வல்லமா, வல்லக்கோட்டையா? கரீட்டா சொல்லு மா."

"வல்லம். வடகாலுக்குப் போகணும்."

"இன்னிக்கு ஊரே கோட்டைக்குப் போவுது. நீ இன்னா இங்க எறங்குற?"

நாற்பத்தைந்து காசு, ஏழு கிலோமீட்டர். இறங்கியவள் நான் ஒருத்திதான். அங்கிருந்து வரப்போரமாக அரை மணி நேரம் நடை. இன்று தொழிற்பேட்டை இருக்கிற இடமெல்லாம் அப்போது நாற்றங்கால். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வீடு பூட்டியிருந்தது. கதவுக்கு மேலே மரச் சிலுவை. எனக்குத் திருப்தி. பக்கத்து வீட்டில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன்.

"ஆரோக்கியசாமி வூடா? எல்லாரும் பூசைக்குப் போய்க்கீறாங்க."

"எந்தக் கோயிலுக்கு?"

"வல்லக்கோட்டைக்கு."

எங்களுக்குப் பூசை என்றால் திருப்பலி. ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்லுவோம். ஆகவே வல்லக்கோட்டையில் பெரிய மாதா கோயில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். திரும்ப நடந்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, அடுத்த பஸ்ஸில் தொங்காத குறையாகப் போய் இறங்கினேன். மணி பதினொன்றரை. கோயில் எங்கே என்று கேட்ட இடத்திலெல்லாம் ஒரே திசையைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தால் முருகன் கோயில். அன்று ஆடிக் கிருத்திகையாம்; கோபுரமும் காவடியும் அரோகராவும். வந்த வழியே திரும்பி, வேறு கோயில் இருக்கிறதா என்று ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"வேற கோயிலா? உனக்கு யார் மா வேணும்?"

"வடகால் ஆரோக்கியசாமி."

"அத்த மொதல்ல சொல்ல வேணாமா! குளத்தாண்ட புளியமரத்துக்குக் கீழ சோறாக்கிகினு இருப்பாரு, போ."

அங்கேதான் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, கழுத்தில் செபமாலை, நெற்றியில் பட்டையாக விபூதி. இடுப்பளவு அண்டாவில் கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கரண்டியை அப்படியே விட்டுவிட்டார். ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில் கேட்டேன்.

"நீங்க கிறிஸ்துவங்கதானா? சாமியார் கடுதாசி பொய்யா?"

"பொய்யில்ல மா. காலம்பறப் பூசை பாத்துட்டுத்தான் வந்தேன். நானு கல்யாணத்துக்காண்டி ஞானஸ்நானம் வாங்குனவன். எங்க அண்ணன் வாங்கல. அவருக்கு இன்னிக்குக் காவடி. கூட வர்ற ஜனத்துக்குச் சோறாக்க வருஷா வருஷம் வந்துருவேன்."

"நெத்தியில?"

"அண்ணன் வச்சாரு. அழிச்சா அவரு மனசு நோவும்."

அப்போது காவடியை இறக்கிவிட்டு அண்ணன் வந்தார். கன்னியப்பன் என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும், "வெயில்ல வந்துக்குது பொண்ணு. மொதல்ல சாப்பிடட்டும்" என்று இலை போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. படையல் சோற்றைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பு. அதை எப்படிச் சொல்வது என்று நான் விழிக்கும்போதே அவர் புரிந்துகொண்டார்.

"அண்டாவுல இருந்து இல்ல மா. அதோ பாரு."

பத்தடி தள்ளி, மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு. அதன்மேல் சின்னப் பானை. பக்கத்தில் சேவியரின் அம்மா லூர்தம்மாள் நின்றிருந்தார்.

"நானு இவரு தம்பிய கட்டிகினு வந்த வருஷம், படையல் சாப்பிட மாட்டேன்னு அழுதேன்" என்றார் லூர்தம்மாள். "அப்போலேர்ந்து மாமாவே வந்து எனக்குன்னு தனியா அடுப்பு மூட்டுவாரு. இது சாமிக்குப் படைக்காத சோறு."

காவடி எடுத்த களைப்போடு கன்னியப்பனே என் இலையில் பரிமாறினார். சாப்பிட்டேன். ஒருவரும் மதத்தைப் பற்றிப் பேசவில்லை. இந்த வருஷம் ஏரி நிரம்புமா என்றுதான் பேச்சு. இரண்டே காலுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அப்பாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கட்டிக் கலைத்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிருத்திகை நாளில் போவதென்றால் எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். பிறகு பஸ்ஸில் இடமிருக்காது. வல்லம் வேறு, வல்லக்கோட்டை வேறு; டிக்கெட் எடுக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள். நான் சொன்ன கட்டணமெல்லாம் பழங்கதை. அந்தப் பகுதியில் யாரையும் பெயரை வைத்தோ நெற்றியை வைத்தோ இன்னார் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே குடும்பத்தில் இரண்டும் இருக்கும். அது எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டால் எனக்கு இன்றுவரை விளக்கத் தெரியாது.

ராத்திரி அப்பாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். விபூதியைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். "நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். தனி அடுப்பைச் சொன்னேன். இரண்டு நாள் செபமாலையும் கையுமாகவே கிடந்தார். ஜெசி அழுது முகம் வீங்கிப் போனாள். மூன்றாம் நாள் காலை இன்லேண்டு கடிதம் ஒன்று வாங்கிவரச் சொல்லி, தலையணையில் வைத்துத் தானே எழுதினார். ஒட்டுவதற்கு என்னிடம் கொடுத்தபோது மேலே பெயரைப் பார்த்தேன். ஆரோக்கியசாமிக்கு எழுதவில்லை. 'மரியாதைக்குரிய கன்னியப்பன் அவர்களுக்கு' என்றிருந்தது. உள்ளே இரண்டே வரிகள்:

'என்னால் எழுந்து வர முடியாது. வீட்டுக்குப் பெரியவர் நீங்கள் வந்து சம்பந்தம் பேசி முடிக்க வேண்டும்.'